சேர்வர் அறைக்குள் கலைப்பீடத்துக்கும் ஒரு கதிரை வேணும்

ஒரு ஊடக அலகு, ஒரு ஸ்டூடியோ, ஒரு கம்பஸ் ரேடியோ தொடங்கப்போறம் எண்டு கதை வந்தால் முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான்: கமரா என்ன மொடல்? இரண்டாவது கேள்வி லைட். மூன்றாவது, திறப்பு விழாவுக்கு ஆரைக் கூப்பிடுறது. அந்தக் கமரா எந்த வயரில் கொழுவப்படும், அந்த வயர் எந்தச் சுவிட்சுக்குப் போகும், எடுத்தது எந்தச் சேர்வரில் போய் இருக்கும், அந்தச் சேர்வரின் கடவுச்சொல் ஆரின்ர கையில் இருக்கும் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. கேட்டாலும் "அதெல்லாம் ஐடி ஆக்கள் பாப்பினம்" எண்ட ஒரு வசனத்தோட கதை முடிஞ்சிடும்.

ஐடி ஆக்கள் பாக்கத்தான் வேணும். ஆனால் அவையள் தனியப் பாக்கிற வேலை அது இல்லை எண்டதுதான் இந்தக் கட்டுரை. நெட்வேர்க்கையும் சேர்வரையும் ஆயத்தப்படுத்துற அந்த ஒரு கிழமையில், ஒரு ஊடக நிலையம் எதை ஞாபகம் வைக்கும், எதை மறக்கும், ஆருக்குக் காட்டும், ஆருக்கு மறைக்கும் எண்ட முடிவுகள் சத்தமில்லாமல் எடுபட்டுப் போகுது. வரலாறும் மொழியும் சமூகவியலும் ஊடகமும் படிக்கிற நாங்கள் அந்த நேரம் அறைக்கு வெளியில நிக்கிறம். பெட்டி பூட்டி முடிஞ்ச பிறகுதான் உள்ளுக்குப் போறம்.

முதலில் விசயம் என்னெண்டு பாப்பம். பழைய ஸ்டூடியோவில் எஸ்டிஐ எண்ட வயர்தான் ராசா. ஒரு வயரில் ஒரு படம். கமரா ஒண்டில இருந்து மிக்சருக்கு ஒரு வயர், மொனிற்றருக்கு இன்னொரு வயர். எது எங்க போகுது எண்டு கையால் பிடிச்சுப் பாக்கலாம். 2017இல் எஸ்எம்பிடிஇ 2110 எண்ட தரநிலையின் முதல் பகுதிகள் வெளிவந்த பிறகு பெரிய நிலையங்கள் மெல்ல மெல்ல ஐபி நெட்வேர்க்குக்கு மாறத் தொடங்கின. படம், சத்தம், துணைத் தரவு எல்லாம் தனித்தனி ஓட்டமாகப் பிரிஞ்சு, நாங்கள் வீட்டில் பாவிக்கிற இன்டர்நெட் மாதிரியான நெட்வேர்க்கிலேயே ஓடும். பிபிசி வேல்ஸ் கார்டிஃப் நகரத்தில் கட்டின புதிய நிலையம் இப்படி ஐபியை அடிப்படையாக வைச்சு அமைக்கப்பட்டது.

இப்ப வயரைப் பிடிச்சுப் பாக்க ஏலாது. அதனால ஒரு மென்பொருள் தேவைப்படுது. எந்தக் கருவி நெட்வேர்க்கில் இருக்கு, அதுக்கு என்ன பெயர், அது உயிரோட இருக்கா, எந்த மைக்கின் சத்தம் எந்த மிக்சருக்குப் போகுது, ஆர் அதை மாத்தலாம் எண்டதையெல்லாம் ஒரே திரையில் காட்டி நடத்துற மென்பொருள். ஊடக உட்கட்டமைப்பை முகாமை செய்யிற தளம் எண்டு சொல்றது இதைத்தான். ஜெர்மனியின் லாவோ நிறுவனம் செய்யிற 'ஹோம்' அதுக்கு ஒரு உதாரணம். இப்படி ஒரு தளத்தைக் கொண்டுவந்து வைக்க முதல் நிலம் தயாராக இருக்கவேணும். முகவரிகள், பாதைகள், நேரம், பெயர்கள், அனுமதிகள், மின்சாரம், பிரதி. நெல்லு விதைக்க முதல் வரம்பு கட்டுறது மாதிரி. வரம்பு பிழைச்சால் தண்ணி பக்கத்து வயலுக்குப் போயிடும்.

பாதையில் இருந்து தொடங்குவம். 1080 வரி, செக்கனுக்கு 50 படம் எண்ட முழு எச்டி காட்சியை அமுக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 2 கிகாபிட் வேணும். எங்கட பீடங்களில் சுவரோட கிடக்கிற சாதாரண சுவிட்சின் ஒரு வாசல் 1 கிகாபிட். அதாவது ஒரு கமராகூட அதுக்குள்ள போகாது. ஆனால் சத்தத்தின் கணக்கு வேற. நல்ல தரத்தில் ஒரு மைக்கின் சத்தம் ஏறத்தாழ 1.15 மெகாபிட். 64 மைக் சேர்ந்தாலும் 75 மெகாபிட்டைத் தாண்டாது. அதே சாதாரண சுவிட்சு போதும். இந்த ஒரு கணக்கைத் திட்டமிடும் கூட்டத்தில் ஆராவது கரும்பலகையில் எழுதியிருந்தால், "பெரிய ரீவி ஸ்டூடியோ" எண்ட கனவுக்குப் பதிலாக, கையில் இருக்கிற காசுக்கு ஒரு முழுமையான வானொலி அறை வந்திருக்கும் எண்டு நினைக்கிற இடங்கள் எங்களுக்குத் தெரியும். இந்தக் கணக்குக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பெருக்கல் தெரிஞ்சால் போதும்.

அடுத்தது, பாதைகளைப் பிரிக்கிறது. படமும் சத்தமும் ஓடுற பாதை, கருவிகளை முகாமை செய்யிற பாதை, அலுவலகத்தில் மெயில் பாக்கிற பாதை மூண்டும் தனித்தனியாக இருக்கவேணும். இதைச் செய்யாட்டி என்ன நடக்கும்? ஊடக ஓட்டங்கள் அநேகமாக 'மல்ற்றிகாஸ்ட்' முறையில் போகும். ஒரு மூலம், பல பேர் கேக்கலாம். சுவிட்சைச் சரியாக அமைச்சால், கேட்டவருக்கு மட்டும்தான் ஓட்டம் போய்ச் சேரும். அமைக்காட்டி, கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கர் மாதிரி, கேட்டவன் கேக்காதவன் எல்லாற்ற வீட்டுக்குள்ளயும் அது பாயும். அலுவலகக் கணினி திணறும். கடைசியில் "இந்த ஊடகப் பெடியளால நெட் ஸ்லோ" எண்டு பழி எங்களில் விழும்.

முகாமைப் பாதை தனியாக இருக்கவேணும் எண்டதுக்குப் பெரிய பாடம் பேஸ்புக்தான். 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூண்டும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகம் முழுக்கப் படுத்ததை எல்லாரும் ஞாபகம் வைச்சிருப்பியள். வழமையான பராமரிப்பு வேலையில் போன ஒரு கட்டளை அவையளின்ர தரவு நிலையங்களுக்கு இடையிலான இணைப்பையே அறுத்துப்போட்டுது. அதைவிட மோசம், அவசரத்துக்கு எண்டு வைச்சிருந்த மாற்றுப் பாதையும் வேலை செய்யேல்லை எண்டு அந்த நிறுவனமே பிறகு எழுதினது. பூட்டைத் திறக்கிற திறப்பு பூட்டின அறைக்குள்ளயே இருந்தது. உலகத்தின் பெரிய நெட்வேர்க்குகளில் ஒண்டுக்கே இது நடக்குமெண்டால், ஒரு சேர்வரை வைச்சிருக்கிற சின்ன நிலையம் இதை முதலே யோசிக்கிறது அநியாயமான எதிர்பார்ப்பு இல்லை.

இதுவரைக்கும் ஐடி ஆக்களே போதும் எண்டு ஒருத்தர் வாதாடலாம். சரி. இனி வாறதுதான் எங்கட பங்கு.

நேரத்தை எடுங்கோ. ஐபி ஸ்டூடியோவில் எல்லாக் கருவியும் ஒரே கடிகாரத்தைப் பாக்கவேணும். பிடிபி எண்ட முறை அதைச் செய்யுது. கருவிகளுக்கிடையிலான வித்தியாசம் ஒரு மைக்ரோ செக்கனுக்குள் நிக்கவேணும் எண்டு தரநிலை கேக்குது. இல்லாட்டி உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். இது பொறியியல். ஆனால் அதே சேர்வரில் பழைய ஒலிநாடாக்களையும் ஏத்தப்போறம் எண்டால் நேரம் வரலாறாக மாறிடும். 1996 மே மாதம் இலங்கை தன்ர நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. அதே வருசம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினது. இந்தப் பத்து வருசமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடினது. ஒரே தீவு, இரண்டு கடிகாரம். "1999, பின்னேரம் 6 மணி" எண்டு எழுதின ஒரு கசெற் வன்னியில் பதியப்பட்டதா கொழும்பில் பதியப்பட்டதா எண்டு தெரியாட்டி அரை மணித்தியாலம் பிழைக்கும். ஒரு தாக்குதல் முதல் நடந்ததா, அறிவித்தல் முதல் வந்ததா எண்டு ஆராயிற ஒருவருக்கு அரை மணித்தியாலம் சின்ன விசயம் இல்லை. கணினியில் "கொழும்பு நேரம்" எண்டு தெரிவு செய்யிற தொழில்நுட்பவியலாளருக்கு இது தெரிஞ்சிருக்கவேணும் எண்ட கட்டாயம் இல்லை. எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவேணும். சர்வதேச நேரத்தில் சேமி, பதிஞ்ச இடத்தையும் உள்ளூர் நேரத்தையும் தனியாக எழுது எண்டு அந்த மேசையில் ஒருத்தர் சொல்லவேணும்.

பெயர்களும் அப்படித்தான். நெட்வேர்க்கில் ஒரு கருவியின் முகவரிப் பெயருக்கு ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு மட்டும்தான் பாதுகாப்பு. அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கோப்புகளின் பெயர்? ஒரு லினக்ஸ் சேர்வரில் வழமையாக ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் இடம் இருக்கும். ஆங்கில எழுத்து ஒண்டுக்கு 1 பைட். யுனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளியும் கால்களும் தனிக்குறிகள். அதால 'யாழ்ப்பாணம்' எண்ட ஒரு சொல்லுக்கே 33 பைட் போயிடும். "யாழ்ப்பாணம் தென்மோடிக் கூத்து அண்ணாவியார் நேர்காணல் இரண்டாம் நாள்" மாதிரி ஆசையாகப் பெயர் வைச்சால் சீக்கிரமே எல்லையில் முட்டும். இன்னொண்டு: 'கொ' எண்ட எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒண்டுதான். முதலே ஒரு சீர்வடிவத்துக்கு மாத்தி வைக்காட்டி, தேடல் ஒண்டைக் கண்டுபிடிச்சு மற்றதை விட்டிடும். 'கொட்டடி' எண்டு தேடினால் பாதிக் கொட்டடிதான் வரும். இதோட பாமினி எழுத்துருவில் அடிச்ச பழைய பட்டியல்கள் எத்தனை கிடக்குது! எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். இதையெல்லாம் சேர்வர் பூட்ட முதல் ஒரு பக்கத்தில் விதியாக எழுதிவைக்கலாம். பூட்டி மூண்டு வருசம் கழிச்சு, பத்தாயிரம் கோப்பு ஏறின பிறகு திருத்தப்போனால் பல பேரின்ர பட்டப்படிப்புக் காலம் போதாது.

ஆனால் எங்களுக்கு எல்லாத்தையும்விடப் பெரிசாப் படுறது அனுமதி. தளத்தை நிறுவும்போது ஒரு திரை வரும்: பயனாளர்கள், பங்குகள், ஆருக்கு என்ன உரிமை. அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல், எல்லாருக்கும் முழு உரிமை எண்டு குடுத்துவிட்டுப் போயிடுவினம். இப்ப யோசிச்சுப் பாருங்கோ. காணாமலாக்கப்பட்ட ஒரு மகனைத் தேடுற அம்மா எங்களோட இரண்டு மணித்தியாலம் கதைக்கிறா. இடையில ஒரு பெயரைச் சொல்லிட்டு, "இதை மட்டும் வெளியில விடாதேங்கோ பிள்ளை" எண்டுறா. நாங்கள் தலையாட்டுறம். அந்தத் தலையாட்டல் எங்க இருக்கு? எங்கட மனசில இருந்தால் போதாது. நாலு வருசத்தில் நாங்கள் பட்டம் வாங்கிப் போயிடுவம். அது அந்தச் சேர்வரின் கோப்புறை அனுமதியில் இருக்கவேணும். ஆர் திறந்தது, எப்ப திறந்தது எண்ட பதிவேட்டில் இருக்கவேணும். ஆய்வு நெறிமுறை எண்டு வகுப்பில் ஒரு முழு அரையாண்டு படிக்கிறம். அந்த நெறிமுறை கடைசியில் போய் உக்காருற இடம் அந்த ஒரு திரைதான். அந்தத் திரை நிரப்பப்படுற நேரம் எங்களில் ஒருத்தரும் அங்க இல்லை.

பிரதியும் மின்சாரமும் பற்றிச் சொல்லாமல் முடிக்க ஏலாது. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் டோய் ஸ்டோரி 2 படம் தயாராகிக்கொண்டிருந்த நேரம், ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிஞ்சுபோச்சு. பிரதி எடுக்கிற முறை இருந்தது. அது ஒழுங்காக வேலை செய்யேல்லை எண்டது தேவைப்பட்ட நாளில்தான் தெரிஞ்சது. குழந்தை பிறந்ததால் வீட்டில் இருந்து வேலை செய்த ஒரு தொழில்நுட்ப இயக்குநரின் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாத்தினது. எங்கட நாட்டுக் கதைக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கேல்லை. 2023இல் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பில் நடந்த ரான்சம்வேர் தாக்குதலில், அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் பாவிச்ச அலுவலகங்கள் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. நூறு நாள் அரச ஞாபகம் போச்சு.

மூண்டு பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒண்டு வேற இடத்தில் எண்ட விதியைக் கேள்விப்பட்டிருப்பியள். அதைப் பரவலாக்கினவர் பீற்றர் க்ரோ எண்ட புகைப்படக்காரர். படம் எடுக்கிற மனுசன். தன்ர படங்கள் துலையக்கூடாது எண்ட கவலையில் இருந்துதான் அந்த விதி வந்தது. கவலை இருக்கிறவன்தான் விதி எழுதுவான். எங்களுக்குக் கவலை இருக்கு. விதியைத்தான் இன்னும் எழுதேல்லை.

மின்சாரம்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் தீவு முழுக்க இருண்டது எண்டு அமைச்சரே சொன்னார். யூபிஎஸ் வாங்கினால் மட்டும் காணாது. மின்கலம் தீர முதல் சேர்வர் தானாக ஒழுங்காக நிக்கவேணும், எந்த ஒழுங்கில் திரும்பத் தொடங்கவேணும் எண்டதும் எழுதியிருக்கவேணும்.

மறுப்புகள் இருக்கு, தெரியும். முதல் மறுப்பு: "யூடியூப்பில் ஏத்தினால் போதும்தானே, எதுக்குச் சேர்வர்?" நாங்களும் யூடியூப்பில்தான் ஏத்துறம், இனியும் ஏத்துவம். ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் போராட்டக் காலத்திலும் இந்த நாட்டில் யூடியூப் முடக்கப்பட்டது. அது காட்டுற இடம். வைச்சிருக்கிற இடம் இல்லை. 2019இல் மைஸ்பேஸ், சேர்வர் மாத்தின வேலையில் பன்னிரண்டு வருசப் பாட்டுகளைத் துலைச்சிட்டம் எண்டு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பைக் கேக்கலாம். பாட்டைக் கேக்க ஏலாது.

இரண்டாவது மறுப்பு காசு. இது நியாயமானது. பெரிய தளங்களின் உரிமக் கட்டணம் எங்கட பீடங்களின் கனவிலும் வராது. ஆனால் இங்க சொன்னதில் பாதிக்குக் காசே தேவையில்லை. பெயர் விதி, நேர விதி, அனுமதிப் பட்டியல், பிரதி ஒழுங்கு எல்லாம் ஒரு தாளும் நாலு பேரும் ஒரு பின்னேரமும்தான். அமுக்காத நல்ல ஸ்டீரியோ ஒலி ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபைட். 1 டெராபைட் வட்டில் ஏறத்தாழ ஆயிரம் மணித்தியாலம் அடங்கும். இரண்டு வட்டும் ஒரு பழைய கணினியும் லினக்சும் போதும் தொடங்க. 2005இல் தொடங்கின நூலகம் எண்மிய நூலகம் எங்கட கண்முன்னால் நிக்குது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சதைப் பற்றி ஒவ்வொரு வருசமும் எழுதிற எங்களுக்கு, எரிக்காமலே அழியிற கோப்புகளைப் பற்றியும் எழுதவேண்டிய கடமை இருக்கு.

மூன்றாவது மறுப்பு: "உங்களுக்கு இது விளங்காது." முழுக்க விளங்காதுதான். சுவிட்சை அமைக்கிற வேலையை நாங்கள் கேக்கேல்லை. கட்டிடம் கட்டுற மேசனோட வீட்டுக்காரர் நிண்டு "குசினி இந்தப் பக்கம், சாமியறை அந்தப் பக்கம்" எண்டு சொல்லுறதில்லையா? அவ்வளவுதான். கல்லு வைக்கிறது மேசன். குடியிருக்கப்போறது நாங்கள்.

ஆகவே கேக்கிறது இதுதான். அடுத்த தடவை எந்தப் பீடத்திலாவது, எந்த இளைஞர் அமைப்பிலாவது, எந்தச் சின்ன வானொலியிலாவது ஒரு ஊடக அறை அமைக்கிற கூட்டம் நடந்தால், விலைமனு கோர முதல் இந்த ஆறு கேள்விக்கும் எழுத்தில் விடை இருக்கவேணும்.

1. எந்தப் பாதையில் என்ன ஓடும், எவ்வளவு ஓடும்?
2. எங்கட கடிகாரம் எது? பழைய பதிவுகளின் நேரத்தை எப்படி எழுதப்போறம்?
3. தமிழில் பெயர் வைக்கிற விதி என்ன?
4. ஆர் பாக்கலாம், ஆர் மாத்தலாம், ஆர் அழிக்கலாம்? பேசினவருக்குக் குடுத்த வாக்கு அதில் எங்க இருக்கு?
5. பிரதிகள் எங்க? கடைசியாக ஒரு பிரதியை மீளத் திறந்து பாத்தது எப்ப?
6. இதை அமைச்சவர் நாளைக்கு வெளிநாடு போனால், திறப்பு ஆரிட்ட?

ஆறாவது கேள்வியை வாசிச்சுச் சிரிக்காதேங்கோ. பத்து வருசம் சேர்த்த நாட்டார் பாடல் பதிவுகள் ஒரு பூட்டின சேர்வருக்குள் கிடக்க, அதின்ர கடவுச்சொல் தெரிஞ்ச ஒரே ஆள் கடல் கடந்து போன கதை எங்கட சீனியர்மார் சொல்லிக் கேட்டது. அந்தப் பாட்டுகளைப் பாடின கிழவிகளில் பாதிப் பேர் இப்ப உயிரோட இல்லை. கமராவைத் திரும்ப வாங்கலாம். அவையளைத் திரும்பப் பாடச் சொல்ல ஏலாது.